மூன்றரை வயதுக் குழந்தைக்கு மண் விளையாட்டு எதற்கு?

காரைக்குடியில் குடியிருக்கும் ஓர் இளம் தாய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். மகனுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பென்சிலைக் கொடுத்தால் தூக்கி எறிகிறான், வாசலில் விட்டால் பொழுது சாயும்வரை மண்ணிலேயே கிடக்கிறான். சென்னையில் இருக்கும் நாத்தனார் மகள் அதே வயதில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறாள். பள்ளத்தூரில் இருக்கும் அப்பத்தா, "பிள்ளைய விடு, வெளையாடட்டும்" என்கிறார். தாய்க்கோ கிருமி, பூச்சிப்பொட்டு, வெயில் என்று ஆயிரம் பயம். வெளியில், மண்ணிலும் மரத்தடியிலும் விளையாடுவதால் உண்மையில் பலன் உண்டா, இல்லை பெரியவர்கள் பழக்கத்தில் சொல்கிறார்களா, எழுத்துப் பயிற்சிக்கு டியூஷன் வைக்கலாமா என்று கேட்கிறார்.

பலன் உண்டு, நிறையவே உண்டு. அப்பத்தா சொல்வதுதான் சரி. டியூஷன் இப்போது வேண்டாம். பாலர் வகுப்புக் குழந்தைகளோடும் அவர்களுடைய ஆசிரியர்களோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எழுத்திலிருந்தே தொடங்கலாம், உங்கள் கவலை அங்கேதான் இருக்கிறது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அந்த எட்டும் வெறும் குருத்தெலும்புதான். முதல் வயதுக்குள் இரண்டு கெட்டிப்படத் தொடங்கும், மூன்று வயதையொட்டி மூன்றாவது. மற்றவை அதற்குப் பிறகு ஆறு, ஏழு வயதுவரை ஒவ்வொன்றாக வரும். கடைசி எலும்பு எட்டு வயதுக்கு மேல்தான். ஆண் பிள்ளைகளுக்கு இது பெண் பிள்ளைகளைவிடத் தாமதமாகவே நடக்கும். ஆகவே உங்கள் மகனையும் நாத்தனார் மகளையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது அவனுக்கு நியாயமில்லை. பென்சிலைத் தூக்கி எறிகிறான் என்றால் அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் கை வலிக்கிறது என்பதை அவன் அப்படித்தான் சொல்கிறான்.

பென்சிலைப் பிடிப்பது விரல். விரல் ஆடாமல் நிற்க மணிக்கட்டு உறுதியாக வேண்டும், மணிக்கட்டுக்கு முழங்கை, முழங்கைக்குத் தோள், தோளுக்கு முதுகும் வயிறும். வரிசை உள்ளிருந்து வெளியே போகிறது. கடைக்கால் போடாமல் யாரும் நிலை நிறுத்துவதில்லை. நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்வது கடைசி வேலை. தோளுக்கும் முதுகுக்குமான வேலை வாசலில்தான் நடக்கிறது. அரை வாளித் தண்ணீரைச் சிந்தாமல் செடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறானே, அது தோளுக்கு. கொய்யா மரத்தின் தாழ்ந்த கொப்பில் தொங்குகிறானே, அது தோளுக்கும் உள்ளங்கைக்கும். கண்மாயில் எடுத்த ஈரக் கரம்பைக் களிமண்ணைப் பிசைந்து உருட்டுவது விரல்களின் அடிச்சதைக்கு. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பாருங்கள்: பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நடுவிரலை அண்டக்கொடுத்துப் பிதுக்கினால் கொட்டை வெளியே தெறிக்கும். பென்சில் பிடிக்கத் தேவையானது அதே மூன்று விரல் சேர்க்கைதான். ஒரு கூடை வேப்பங்கொட்டை பிதுக்கிய பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முன்னேறுவான் என்ற எண்ணமும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் அது வெளியானது. பத்து, பதினொரு வயதில் இரு தரப்புக்கும் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. நாத்தனார் மகள் இன்று எழுதுவதால் உங்கள் மகன் பின்தங்கிவிட்டான் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

கையை விட்டுக் கவனத்துக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பாலர் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லும் குறை, "பிள்ளை ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்பது. கோட்டையூரில் ஒரு பழைய வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திண்ணையை ஒட்டி, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே மழை படாத பொடிமண். அதில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். குழியானை என்ற பூச்சி கட்டியவை. நான்கு வயதுப் பையன் ஒருவன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கட்டெறும்பைக் குழி விளிம்பில் விட்டான். எறும்பு ஏறப் பார்க்கிறது, மண் சரிகிறது, மறுபடி ஏறுகிறது. குழிக்கு அடியிலிருந்து சட்சட்டென்று மண் தெறிக்கிறது. எறும்பு நடுவில் விழுந்ததும் இரண்டு கொடுக்கு மட்டும் வெளியே வந்து அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. பையன் மூச்சுவிடாமல் பார்த்தான். பிறகு ஒரு ஸ்பூனால் குழியை அள்ளி உள்ளங்கையில் பரப்பினான். அழுக்கு நிறத்தில் ஒரு குண்டுப் பூச்சி பின்பக்கமாகவே நகர்ந்தது. "ஏன் ஆயா இது பின்னாடியே போகுது?" என்று திண்ணையில் இருந்த பாட்டியிடம் கேட்டான். பாட்டி, "அதுக்கு அப்படித்தான் மண்ணுக்குள்ள போகத் தெரியும், வால முதல்ல உள்ள விடும்" என்றார். அவன் பூச்சியை மறுபடி மண்ணில் விட்டு, அது புதைவதைப் பார்த்துவிட்டு, அடுத்த குழிக்குப் போனான். எந்தக் குழி பெரியது, எதில் ஆள் இருக்கிறது, எது காலி என்று தானாகவே தரம் பிரித்தான்.

கால் மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிள்ளை அசையவில்லை. யாரும் "உட்காரு" என்று சொல்லவில்லை. கவனம் என்பது இப்படித்தான் வளர்கிறது: பார்க்கத் தகுந்த ஒன்று கண்முன் இருக்க வேண்டும், அதோடு மல்லுக்கட்ட நேரம் இருக்க வேண்டும். செல்போன் காட்சி மூன்று நொடிக்கு ஒருமுறை தானே மாறி, கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. குழியானையோ, காத்திருக்கிறவனுக்குத்தான் காட்சி தருகிறது. சரிவு, விளிம்பு, பின்னாடி, புதையுது, காலி என்று எத்தனை சொற்கள் அந்தக் கால் மணி நேரத்தில் அவன் வாயில் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். பெரிது சிறிது ஒப்பீடு, வகை பிரித்தல், ஒன்றைச் செய்தால் என்ன ஆகும் என்ற ஊகம் எல்லாம் அதில் இருக்கிறது. எல்.கே.ஜி. கணக்குப் புத்தகத்தில் பாதி இதுதான். பிறகொரு நாள் அந்தக் குழியானைதான் தட்டான் மாதிரி மெல்லிய இறக்கையோடு பறக்கப்போகிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பான்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைகள் இப்போது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றாடப் பள்ளி நேரத்தோடு 40 நிமிடம் வெளியில் செயல்படும் வகுப்பு ஒன்றைக் கூட்டி, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு இது. தைவான் 2010 முதலே பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறது. காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூட அதைப்போலப் பல மடங்கு. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். வெயிலில் நிற்க வேண்டும் என்பதில்லை, புளிய மரத்தடி போதும். செட்டிநாட்டில் நமக்கு இது பெரிய சௌகரியம்.

வைட்டமின் டி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2016 முதல் 2018 வரை நடந்த தேசியக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுவரையான குழந்தைகளில் 14 சதவீதம் பேருக்கு அது குறைவு. காலை ஒன்பது மணியையொட்டிய வெயில் சற்று நேரம் கை, காலில் படட்டும். வைட்டமினுக்காக உச்சி வெயிலில் விட வேண்டாம்.

இனி உங்கள் கிருமிப் பயம். இதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, இரண்டையும் சொல்கிறேன். பின்லாந்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் போகும் பகல்நேரக் காப்பகங்களில், சரளைக்கல் பரப்பிய முற்றத்தில் காட்டுத் தரையை அப்படியே பெயர்த்து வந்து பதித்தார்கள், புல் பதித்தார்கள், செடித்தொட்டி வைத்துப் பிள்ளைகளையே நடச் சொன்னார்கள். 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களின் வகை கூடியிருந்தது. இரத்தத்தில், எதிர்ப்புச் சக்தியைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்களின் அறிகுறிகளும் நல்லபடியாக மாறியிருந்தன. 2020இல் வெளியான ஆய்வு. சின்ன ஆய்வுதான், ஒரு மாத அளவுதான். ஆனால் சிறு வயதில் பலவகை நுண்ணுயிர்களோடு பழகாத உடம்பு பிற்பாடு தூசிக்கும் மகரந்தத்துக்கும் அலறுகிறது என்று மருத்துவர்கள் நெடுநாளாகச் சந்தேகிப்பதற்கு இது வலு சேர்க்கிறது.

மறுபக்கம்: பின்லாந்துக் காட்டு மண்ணும் நம் பேருந்து நிலையத்துப் பின்புற மண்ணும் ஒன்றாகிவிடாது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடம், நாய், பூனை கழிவிடும் மணல், சாக்கடை ஓரம் ஆகியவற்றில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியே உள்ளே போகும். ஆகவே சொந்த வீட்டு முற்றத்தில், தோட்டத்தில் வெறுங்கால், பொதுவெளியில் செருப்பு. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, வீட்டு மணற்குவியலை இரவில் ஒரு தார்ப்பாயால் மூடி வைப்பது, இவ்வளவு செய்தால் போதும். பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள். மண்ணைத் தொடவே கூடாது என்று தடுப்பதைவிட இது எளிது.

உடம்பு உழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுக் குழந்தை நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓட்டமும் குதியலும் இருக்க வேண்டும். திரைமுன் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். ஒரு வீட்டு ஹாலுக்குள் 180 நிமிட அசைவை நம்மால் வரவழைக்கவே முடியாது. வெளியே விட்டால் யாரும் சொல்லாமலே நடந்துவிடும். அதிலும் தரை சமமாக இல்லாதது பெரிய கொடை. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் நடக்கும் கால் எப்போதும் ஒரே மாதிரிதான் வைக்க வேண்டியிருக்கும். செம்புராங்கல் துருத்தி நிற்கும் பொட்டலிலும் வேர் புடைத்த ஆலமரத்தடியிலும் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால், முழங்கால், கண் மூன்றும் பேசிக்கொள்ள வேண்டும். நார்வேயில் இங்குன் ஃபியோர்டொஃப்ட் என்ற ஆய்வாளர் பள்ளியை ஒட்டிய காட்டில் அன்றாடம் விளையாடிய 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை, வழக்கமான விளையாட்டுத் திடலில் விளையாடியவர்களோடு ஒப்பிட்டு 2001இல் எழுதினார். காட்டுப் பிள்ளைகள் உடம்புச் சமநிலையிலும் கைகால் ஒத்திசைவிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

கைகளைக் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றிவிட்டு, தலை கிறுகிறுத்துத் தரையில் விழுந்து சிரிப்பார்களே, அதைத் தடுக்காதீர்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு அதுதான் பயிற்சி. ஊஞ்சலும் அப்படியே.

விழுந்துவிடுவானே என்ற பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு. நார்வேயின் எல்லன் சான்ட்சேட்டர் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, உயரம் ஏறுதல், வேகமாக ஓடுதல், உருண்டு புரண்டு மல்லுக்கட்டுதல் போன்ற சற்றே ஆபத்து கலந்த விளையாட்டு பயத்தை அளந்து பார்க்கக் கற்றுத் தருகிறது என்பதுதான். கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2024இல் அத்தகைய விளையாட்டுக்கு இடம் கொடுக்கும்படி பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறது. ஏறத் தெரிந்த உயரத்துக்கு மட்டும் ஏறட்டும். நீங்கள் தூக்கி மேலே வைக்காதீர்கள், தானே ஏறிய பிள்ளைக்குத்தான் தானே இறங்கத் தெரியும். "பாத்து, பாத்து" என்று கத்துவதால் அவனுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது, உங்கள் பயம் மட்டும்தான் ஒட்டும். அதற்குப் பதில், "அந்தக் கொப்பு ஆடுதான்னு அமுக்கிப் பாரு", "அடுத்த கால எங்க வைக்கப் போற?" என்று கேளுங்கள். அவன் நின்று யோசிப்பான். முருங்கை மரத்தில் மட்டும் ஏற விடாதீர்கள், கிளை சட்டென்று முறியும்.

இதற்கெல்லாம் செட்டிநாட்டைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த இடங்களையே நாம் இப்போது மூடிக்கொண்டு வருகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம். பழைய வளவு வீட்டில் நடு முற்றம் பிள்ளைகளுக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும்: நாற்புறமும் ஆட்கள், மேலே வானம், வெளியே ஓடிப்போக வழியில்லை. மழை பெய்தால் ஓட்டு முனையிலிருந்து கொட்டும் தண்ணீரில் பிள்ளைகள் ஆட, அண்டாவில் தண்ணீர் நிறையும். இன்று பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகளிலும் முற்றத்துக்கு மேல் கம்பியும் கண்ணாடி இழைத் தகடும் வந்துவிட்டன, பின்கட்டுத் தோட்டத்தில் பேவர் பிளாக் பதித்தாகிவிட்டது. பாலர் பள்ளிகளோ ‘பாதுகாப்பு’ என்று சொல்லி மைதானம் முழுக்க சிமென்ட் போட்டு, நடுவில் ஒரு இரும்புச் சறுக்கு மரத்தை நட்டு வைக்கின்றன. சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு அந்தச் சறுக்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். பேவர் பிளாக்கில் விழுந்தால் முட்டி பிளக்கும், மண்ணில் விழுந்தால் சிராய்ப்போடு போகும். வீடு கட்டுகிறவர்கள், பழையதைப் புதுப்பிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு சென்ட் இடத்தையாவது மண்ணாகவே விடுங்கள்.

உங்கள் வீடு வாடகை மாடி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். அதில் ஒரு வாரம் மணல், மறுவாரம் செம்மண், கோடையில் கண்மாய் வற்றியதும் யாரிடமாவது கேட்டு ஒரு சாக்குக் கரம்பை. மூன்றிலும் தண்ணீர் ஊற்றி அவனையே பார்க்க விடுங்கள். மணல் தண்ணீரைக் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். செம்மண் கையைச் சிவப்பாக்கிப் பிடிபடும். கரம்பை வழுக்கும், உருட்டினால் நிற்கும், இரண்டு நாளில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பாத்திரம் வனைய எந்த மண் வேண்டும் என்பது மானாமதுரைக் குயவர்களுக்குத் தெரிந்த கலை. அதன் முதல் பாடத்தை உங்கள் மகன் பால்கனியில் படித்துவிடுவான். விலை கொடுத்து எதுவும் வாங்காதீர்கள். ஓட்டை டம்ளர், பழைய கரண்டி, சிரட்டை, பனை ஓலைத் துண்டு, புளியங்கொட்டை, கூழாங்கல் போதும். பிரிட்டன்காரர் சைமன் நிக்கல்சன் 1971இலேயே எழுதியதுபோல, இப்படி எப்படியும் மாற்றிக்கொள்ளக்கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கற்பனை ஓடும். ஒரு சிரட்டை காலையில் சட்டி, மதியம் தொப்பி, மாலையில் ஆமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தூருக்கு அப்பத்தாவிடம் விடுங்கள். அவரிடம் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் கேளுங்கள்: மண்ணை நீளமாகக் கரை கட்டி, அதற்குள் ஒரு குச்சியை மறைத்து நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் விடுவது, எதிராளி இரண்டு கையையும் கோத்து அந்த இடத்தில் பொத்துவது. ஏமாற்றவும், ஏமாறாமல் இருக்கவும், அடுத்தவன் கண்ணைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு அது. நான்கு வயதுக்கு அதைவிட நல்ல விளையாட்டை நான் பார்த்ததில்லை. ஐயனார் கோயில் மரத்தடிக்குக் கூட்டிப்போய், மண் குதிரைகளின் நிழலில் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். ஆடி, ஆவணியில் மழை பெய்து ஓய்ந்த செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட் துணுக்கு மாதிரி பட்டுப்பூச்சி ஊரும். உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். நவம்பரிலிருந்து சில மாதங்கள் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் நன்றாக இருக்கும். 1977இல் அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று கண்மாய்க் கருவேல மரங்கள் நிறைந்துவிடும். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மூன்றரை வயதிலும் புரியும்.

வெயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மாசி முதல் ஆவணிவரை காலை ஒன்பதரைக்குள், மாலை நாலரைக்கு மேல். இடையில் முற்றத்து நிழல், திண்ணை. அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரோ நீர்மோரோ. முகம் சிவந்து, சோர்ந்து, பேச்சு குறைந்தால் உடனே உள்ளே. மாலையில் முழுக்கைச் சட்டை, கொசுவுக்காக.

உண்மையான ஆபத்துகள் சில இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் மற்றதற்குப் பயப்பட வேண்டியதில்லை. முதலாவது தண்ணீர். ஊருணி, கண்மாய், கிணறு, மூடாத தொட்டி எதன் பக்கமும் இந்த வயதுப் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் இருக்கவே கூடாது. அரை வாளித் தண்ணீரில்கூடச் சின்னப் பிள்ளை மூழ்கும், சத்தமே கேட்காது. அடுத்தது விஷச் செடிகள். காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை என்று நினைத்துத் தின்றுவிட்டு வாந்தியெடுத்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் உண்டு. ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, வேலியோரத்து மஞ்சள் அரளிக் காய் இவையும் அப்படியே. "வீட்டுப் பெரியவங்க கையில கொடுக்காத எதையும் வாயில வைக்கக் கூடாது" என்பதை ஒரே விதியாகப் பழக்குங்கள். பாம்பும் தேளும் கல் குவியல், விறகுக் கட்டு, ஓட்டுக் குவியல் பக்கம்தான் இருக்கும், விளையாட்டு அதற்கு அப்பால். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், காலை ஆட்டாமல் 108இல் அரசு மருத்துவமனை. நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. சீமைக்கருவேல முள்ளுக்குச் செருப்பு.

பள்ளி தேர்ந்தெடுப்பது பற்றி. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் ஃபிரோபெல் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கியபோதே பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் தனித்தனிப் பாத்தி கொடுத்தார். 2022இல் வந்த தேசிய அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழியேதான் கற்பிக்க வேண்டும் என்கிறது. நம் அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக்கு வைத்த பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. எனவே பள்ளியில் போய்த் தயங்காமல் கேளுங்கள்: ஒரு நாளில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வெளியே இருப்பார்கள்? மண் தரை எங்கே, நிழல் எங்கே? சட்டை அழுக்கானால் திட்டுவீர்களா? எல்.கே.ஜி.யில் வீட்டுப்பாடம் உண்டா? கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளின் முழங்காலைப் பாருங்கள். எல்லோரும் காலையில் வந்த மாதிரியே சலவை மடிப்போடு வெளியே வந்தால் வேறு பள்ளி தேடுங்கள். பக்கத்து அங்கன்வாடியில் வேப்பமரமும் மண் தரையும் அக்கறையான ஆசிரியரும் இருந்தால் அதை ஏளனமாக நினைக்க வேண்டாம். இந்த வயதுக்கு அது போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாது. மண் விளையாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. நான்கு வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சம தரையிலேயே அடிக்கடி தடுக்கி விழுகிறான், ஈர மண்ணோ புல்லோ பட்டாலே தாங்க முடியாமல் அலறுகிறான், மற்றப் பிள்ளைகள் பக்கமே போவதில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் விசாரித்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுவார்கள். பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனிடம் அப்படி எதுவும் இல்லை. டியூஷனுக்கு எடுத்து வைத்த பணத்தில் பள்ளத்தூருக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.